கடைசிப் பத்து நிமிடம்

ஒன்பது மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கும்.
குனிந்து வெளியே வந்தால்
தார்ரோட்டில் பகல் இன்னும் மிச்சமிருக்கும்.
பள்ளிக்கூடம் திறக்கப்போகிற மாசம்;
காக்கி நிக்கர், நீலப் பாவாடை,
அளவு பார்க்கையில் அழுத பிள்ளைகள் எல்லாம்
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

நாகர்கோவில் முழுக்கச் சுவரொட்டி:
கோடை விழா, கோடை விழா.
எங்கள் கடைசி பஸ் பத்து இருபதுக்கு.
நடுவில் கிடப்பது எங்களுக்கு.
ஹேமில்டா முன்னால் ஓட,
பல்கீஸ் செருப்பைக் கையில் எடுக்க,
வேப்பமூட்டிலிருந்து குறுக்கே விழுந்து
பொருட்காட்சிக்குப் போவோம்.
கவுண்டர்க்காரர் நோட்டை எண்ணிக்கொண்டே
"இனி என்னத்தக் காணப் போறிய? போங்க" என்பார்.
அதுதான் எங்கள் டிக்கெட்.

என்னத்தைக் கண்டோம் என்று சொல்கிறேன்.

மரணக் கிணற்றில் கடைசிச் சுற்று முடிந்து
பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளை.
ராட்டினம் நின்ற பிறகும்
உச்சிப் பெட்டியில் மாட்டிக்கொண்டு
கீழே இருப்பவனை ஏசிய புதுப்பெண்ணை.
புத்தகக் கடையில் தார்ப்பாய் போர்த்திய மேசைகளை;
ஒரு முனை விலகித் தெரிந்தது,
தேனீ வளர்ப்பு, இரண்டாம் பாகம்.
கச்சேரியில் மங்களம். மறுநாளும் மங்களம்.
அந்தப் பாட்டுக்காரி வாழ்நாளில் வேறெதுவும் பாடியதில்லை
என்றே நினைத்திருந்தாள் பல்கீஸ்.
மாம்பழக் கண்காட்சியில் செங்கவருக்கை போய்
அட்டை மட்டும் இருந்தது, முதல் பரிசு என்று.
ஹேமில்டா அட்டையை எடுத்து மோந்து பார்த்தாள்.
சிரிக்காதீர்கள். மணம் இருந்தது.

பிறகு நாடகம்.
பதினோரு ராத்திரி, அதே நாடகம், அதே முடிவு:
நரை பூசிய ஒருவர் நாற்காலியில் சாய்ந்து
"சாவிய அவகிட்டயே குடுத்திரு" என்பார்.
விளக்கு அணையும். கைதட்டு.
யார் அவள்? எதன் சாவி?

கோணம் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரு கதை.
ராஜாக்கமங்கலத்தில் ஹேமில்டா அதைப் பிரித்துப் போடுவாள்:
பீரோ சாவி இல்லை, வள்ளத்து எஞ்சின் சாவி.
அம்மாண்டிவிளையில் அவள் இறங்கிய பிறகு
நானும் பல்கீஸும் அந்தப் பெண்ணைத்
துபாய்க்கு அனுப்பி, கடனை அடைக்க வைத்து,
திரும்பக் கூட்டி வந்துகொண்டிருக்கையில்
மணவாளக்குறிச்சி வளைவில் கண்டக்டர்
டிக்கெட் பையை மடியில் வைத்தபடி
"பிறவு?" என்பார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஜெனரேட்டர் ரெண்டு தரம் இருமி நின்றது.
ஐந்தரைக்கே போகச் சொல்லிவிட்டார் முதலாளி.
வெயில் இருக்கும்போதே வெளியே வந்தோம்.
கடை டியூப்லைட்டில் ஒன்றரை வருசம் நீலமாயிருந்த
பல்கீஸின் துப்பட்டா
பச்சை.

முழு டிக்கெட். முன்வரிசை. பொட்டலத்தில் மிளகாய் பஜ்ஜி.
திரை விலகியது.
நரையில்லாத அதே ஆள், பதினெட்டு வயசு வேசத்தில்
ஒரு பூட்டை இழுத்துப் பார்த்தபடி நின்றார்.
ஒரு பெண் வந்தாள். வாயைத் திறந்தாள்.

மழை.
வேளிமலைப் பக்கமிருந்து
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிய மழை.
நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜனம் ஓட,
அப்பளக் கடைக்காரன் அடுப்பைக் கட்டிப்பிடிக்க,
மேடைக்குப் பின்னால் அந்தப் பெண்
பூட்டைச் சேலைத் தலைப்பால்
துடைத்துக்கொண்டிருந்தாள், துருப்பிடிக்காமலிருக்க.

"அக்கா, அது எதுக்க பூட்டு?"
கேட்கத்தான் போனேன்.
ஹேமில்டா கையைப் பிடித்து இழுத்தாள்:
"சும்ம இரிட்டீ."

மழை விட்டபோது அதே பத்து இருபது பஸ்தான்.
நனைந்த சீட்டில் நாங்கள் மூன்று பேர்.
"இன்னைக்கு முழுசும் கண்டாச்சா?" என்றார் கண்டக்டர்.
ஆச்சு என்று தலையாட்டினோம், பொய்யாக.
கோணம் வருவதற்குள்
பல்கீஸ் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே தொடங்கினாள்:
"அந்தப் பூட்டு உண்டுல்லா..."